கூரை உங்களுடையது, ஓட்டை எங்களுடையது

பொழிச்சலூர்க்காரர்கள் வானத்துச் சத்தத்துக்கெல்லாம் அசைந்து கொடுப்பவர்கள் அல்ல. விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை எட்மண்ட் வீட்டு மொட்டைமாடி பிளந்தபோது, அடுப்படியில் இருந்த அவர் மனைவி ஞானஜோதி பேச்சைப் பாதியில் நிறுத்தி, சத்தம் அடங்கியதும், "தேங்காய் வாங்கினீங்களா இல்லையா?" என்று வாக்கியத்தை முடித்தார். தூசி அடுப்படி வரை வந்த பிறகுதான் இருவரும் முன்னறைக்கு ஓடினார்கள்.

முன்னறையில் ஒரு ராக்கெட் நின்றுகொண்டிருந்தது. மூக்கு தரைக்குள் முழங்கால் ஆழம் புதைந்திருந்தது. வால் கூரை ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் 'கருடவேல்' என்று அழகான எழுத்தில் எழுதி, மேலே மூன்று கோடு விபூதியும் நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழ மாலை ஒன்று பாதி அறுந்து தொங்கியது.

அந்த அறை எட்மண்டின் மகள் கெசியாவுக்காக வெள்ளையடித்து வைத்த அறை. கெசியாவுக்கு அது தலைப்பிரசவம். மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் தாய்வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. எட்மண்ட் குடும்பம் முன்பு அனகாபுத்தூரில் ஆற்றோரம் இருந்து, வெள்ளத்தில் கட்டில் மிதந்ததைப் பார்த்துவிட்டு, இனி தண்ணீர் தொல்லையே வேண்டாம் என்று பொழிச்சலூரில் மேடான இடமாகப் பார்த்து, அஸ்திவாரத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியது. கீழிருந்து வரும் தண்ணீரைத்தான் அவர் யோசித்திருந்தார்.

கருடவேல் யாருடையது என்பதில் சந்தேகமில்லை. தாம்பரத்துக்கு மேற்கே, ஒரு வறண்ட ஏரியை ஒட்டி, சுதேசி வழிகாட்டு ராக்கெட் பீரங்கி மேம்பாட்டு நிறுவனம் என்ற ஒன்று இருந்தது. சாதாரண ராக்கெட் விட்ட திசையில் போய் விழும். வழிகாட்டு ராக்கெட்டின் மூக்கில் ஒரு கருவி இருக்கும். அது போகும் வழியிலேயே தன்னைத் திருத்திக்கொண்டு, சொன்ன இடத்தில் போய் விழும். அப்படிப்பட்ட ஒன்றை முழுக்க நம் நாட்டிலேயே செய்வதுதான் நிறுவனத்தின் வேலை. அங்கே வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்கள் கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வு பெற்று, ஆலோசகர்களாக அதே நாற்காலிக்குத் திரும்பியும் வந்துவிட்டார்கள். ராக்கெட்டைத்தான் இன்னும் காணோம்.

அன்று பிரமுகர்கள் பார்ப்பதற்காக, வெடிமருந்து இல்லாத ராக்கெட் ஒன்றை ஏரிக்குள் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்கு விட்டார்கள். வட்டம் மேற்கே இருந்தது. ராக்கெட் வடகிழக்கே வந்தது.

எட்மண்ட் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். எந்த விஷயமானாலும் முறையான வழியில் போனால் முடிந்துவிடும் என்று நம்பி நரைத்த மனிதர். நிறுவனத்திலிருந்து ஜீப் வந்தபோது, அவர்கள் மன்னிப்புக் கேட்டால் எப்படிப் பெருந்தன்மையாகப் பதில் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியவர் பெயர் ஸ்ரீநிவாசன். அவர் அளவு நாடாவை நீட்டி, ராக்கெட்டுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்தார். பிறகு எட்மண்டின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

"எதுக்கு சார் வாழ்த்து?" என்றார் எட்மண்ட்.

"உங்க வீடுதான் சார் இலக்கு. நேரடித் தாக்குதல். ஒரு அடி கூட விலகல."

ஸ்ரீநிவாசன் இலக்கு உறுதிப்படுத்தும் குழுவின் தலைவர். குழுவின் நடைமுறையை அவர் பொறுமையாக விளக்கினார். மற்ற நாடுகளில் முதலில் இலக்கை வைத்துவிட்டு அப்புறம் ராக்கெட்டை விடுகிறார்களாம். அதில் தவறுகள் நேர வாய்ப்பிருக்கிறது. இங்கே ராக்கெட் விழுந்த பிறகுதான் குழு கூடும். விழுந்த இடத்தை அளந்து, இதுதான் இலக்கு என்று ஒருமனதாகத் தீர்மானம் போடும். இந்த முறையில் கருடவேல் இதுவரை ஒரு தென்னந்தோப்பையும், ஓர் உப்பளத்தையும், நிறுவனத்தின் சொந்த கேன்டீனின் பின்சுவரையும் துல்லியமாகத் தாக்கியிருந்தது. குடியிருப்பு வீடு இதுதான் முதல் முறை. இது பெரிய முன்னேற்றம் என்று ஸ்ரீநிவாசன் மனதாரச் சொன்னார்.

மறுவாரமே வாசலில் ஷாமியானா போட்டு விழா நடந்தது. எட்மண்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் சுந்தரராமன் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல், தன் குரலைத் தானே கேட்டு ரசிக்கும் முகம்.

"வெளிநாட்டு ராக்கெட்டுகள் இலக்கைத் தேடி அலைகின்றன. அது ஒருவகை அடிமைத்தனம். நம் ராக்கெட் எங்கே போகிறதோ அங்கே இலக்கு இருக்கிறது. இதுவே சுதேசிச் சிந்தனை" என்று தொடங்கினார். கைதட்டல் அடங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "நம் ராக்கெட் எங்கே விழும் என்பது எதிரிக்குத் தெரியாது. ஏன், நமக்கே தெரியாது. நமக்கே தெரியாத ரகசியத்தை எந்த உளவாளி வந்து திருடிவிட முடியும்?"

இதற்கு இன்னும் பெரிய கைதட்டல் விழுந்தது. பொன்னாடையோடு மேடையில் உட்கார்ந்திருந்த எட்மண்டும் தட்டினார். பாவம், சேர்ந்து தட்டிவிட்டுத்தான் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தார்.

விழா முடிந்ததும் கூரையைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தார். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே போனால் வாசலில் அரை நாள், வரவேற்பறையில் அரை நாள் என்று உட்காரவைத்தார்கள். கடைசியில் சுந்தரராமன் கூப்பிட்டார். மகள் பிரசவத்துக்கு வருவது, அறை அவளுக்கென்று ஒதுக்கியது, மழை வரப்போவது எல்லாவற்றையும் எட்மண்ட் ஒன்றுவிடாமல் சொன்னார். ராக்கெட்டை எடுத்துக்கொண்டால் போதும், ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

சுந்தரராமனுக்கு வலித்தது போலிருந்தது. "அடைக்கறதா? மிஸ்டர் எட்மண்ட், அந்த ஓட்டை எங்களோட மொத்த ஆராய்ச்சி. இத்தனை வருஷத்துல நாங்க உருப்படியாப் போட்ட ஒரே ஓட்டை அது. கூரை உங்களுடையது, நான் இல்லைங்கல. ஓட்டை எங்களுடையது."

அடுத்த நாளிலிருந்து ஓட்டைக்குக் காவல் வந்தது. வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் நின்றார். வீடு பாதுகாக்கப்பட்ட பகுதியானது. எட்மண்டுக்கும் ஞானஜோதிக்கும் சொந்த வீட்டுக்குள் போகப் புகைப்படம் ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். கைப்பேசியைக் கேட்டில் ஒப்படைக்க வேண்டும். குளியலறை முன்னறையைத் தாண்டி இருந்ததால், குளிக்கப் போகும்போது காவலர் கூடவே வந்து குளியலறை வாசல் வரை விட்டார். சாவியைத் தொலைத்துவிட்டு வந்த ஒருநாள், அட்டையையும் தான் வேலை செய்யும் பள்ளியிலேயே வைத்துவிட்ட ஞானஜோதி, தன் வீட்டுத் திண்டாட்டத்தைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வெளியே நின்றார்.

பார்வையாளர்கள் வந்தார்கள். கல்லூரி மாணவர்கள், பயிற்சி அதிகாரிகள், ஒரு வெளிமாநிலத் தூதுக்குழு. ஞானஜோதி கணக்கு டீச்சர். வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுப்பது அவர் வேலையாகிவிட்டது. முதல் மழை பெய்தபோது எட்மண்ட் ஓட்டையின் மேல் தார்ப்பாய் போட்டார். காவலர் அதை மரியாதையாக எடுத்து மடித்துக் கொடுத்தார். ராக்கெட் வந்த பாதையை மறைக்கக் கூடாது என்பது உத்தரவு. ராக்கெட்டின் மேல் மட்டும் ஒரு குடை பிடிக்க ஏற்பாடானது. முன்னறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. புதிதாக வாங்கிய தொட்டில் ஊறிப்போனது. எட்மண்டுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை அடிப்பது என்றும் தெரியவில்லை, எப்படி அடிப்பது என்றும் தெரியவில்லை. வாளியில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்.

கெசியா அங்கே தங்குவதற்கு எட்மண்ட் அனுமதி கேட்டு எழுதினார். அவளுடைய முன்வரலாற்றைக் காவல்துறை சரிபார்க்கும் என்று பதில் வந்தது. கூடவே ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தார்கள். அனுமதி ஒருவருக்கா இருவருக்கா? இருவருக்கு என்றால், பிறக்கப்போகிறவரின் முன்வரலாற்றையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்; அதற்கு அவர் நேரில் வர வேண்டும்.

"பிறந்து, வந்து, அனுமதி வாங்கி, அப்புறம் பிறக்கணுமாக்கும்" என்றார் ஞானஜோதி. அதற்குப் பிறகு அவர் வருகிறவர்களுக்கு டீ போடுவதை நிறுத்திவிட்டார்.

இப்படி இருக்கும்போது டெல்லியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒரு வீட்டை ஒரு தடவை அடித்ததைத் தற்செயல் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? ராணுவம் வாங்க வேண்டுமென்றால், முன்பே அறிவித்த அதே இலக்கை, அதிகாரி ஒருவர் முன்னிலையில், இன்னொரு தடவை அடித்துக் காட்ட வேண்டும். வெடிமருந்து வேண்டாம், வெறும் ராக்கெட் போதும். நிறுவனத்தின் வரலாற்றில் ராக்கெட் கிளம்பும் முன்பே இலக்கு முடிவானது அதுதான் முதல் தடவை. வளாகத்தில் துக்க வீடு மாதிரி இருந்ததாக ஸ்ரீநிவாசனே பிறகு சொன்னார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். ஆட்கள் வந்து எட்மண்டின் மொட்டைமாடியில் பெரிய சிவப்பு வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள்.

எட்மண்ட் பள்ளிக்கு லீவு போட்டு, இயக்குநரைப் பார்க்க ஓடினார். ராக்கெட் விழும் நாளில் தானும் மனைவியும் எங்கே இருப்பது என்று கேட்டார். வீட்டிலேயே இருக்கலாம், ஒன்றும் ஆகாது என்று சுந்தரராமன் சொன்னார். அவர் குரலில் இருந்த உறுதியைக் கேட்டதும் எட்மண்ட் அவசரமாக வீடு திரும்பினார். குன்றத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விடுவதென்று புருஷனும் பெண்சாதியும் முடிவு செய்தார்கள்.

அந்த நாள் வந்தது. வானம் மூட்டமாக இருந்தது. இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைப் பூட்டும்போது, ஸ்ரீநிவாசனின் கார் வந்து நின்றது. அவர் மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு டிபன் கேரியர், கூண்டோடு ஒரு கிளி எல்லாம் இறங்கின.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் ஸ்ரீநிவாசன்.

"குன்றத்தூருக்கு சார். தம்பி வீட்டுக்கு."

ஸ்ரீநிவாசன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "குன்றத்தூரா? வேணாம் சார். அங்கல்லாம் சொல்ல முடியாது. நாங்க இங்க குறி வெச்சிருக்கோம். இன்னிக்கு தாம்பரத்துலேருந்து மவுண்ட் வரைக்கும் பாதுகாப்பான இடம்னா அது உங்க வீடு ஒண்ணுதான்."

எட்மண்டுக்குப் புரிய சற்று நேரமானது. அதற்குள் தெரு நிறையக் கார்கள். உந்துவிசைப் பிரிவுத் தலைவர் குடும்பத்தோடு வந்தார். தர நிர்ணயப் பிரிவுத் தலைவர் வயதான அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் வந்து, காவலரிடம் இன்று அட்டை கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக உள்ளே நுழைந்தார். கடைசியில் சுந்தரராமனும் அவர் மனைவி பட்டுவும் ஒரு பிளாஸ்க்கோடு வந்தார்கள். இலக்கை நேரில் ஆய்வு செய்ய வந்ததாகச் சுந்தரராமன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பட்டு அம்மாள் அப்படியெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. நேரே போய்ச் சிவப்பு வட்டத்துக்கு அடியில் எந்த இடம் வருகிறது என்று விசாரித்து, சரியாக அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

டெல்லி அதிகாரிக்கு ஏரிக்கரை வளாகத்தில் குளிர்சாதன மேடை போட்டிருந்தார்கள். அவர் நிறுவனத்தின் கோப்பு முழுவதையும் படித்தவர். மேடைக்குப் போகும் வழியில் காரைத் திருப்பச் சொல்லி, அவரும் பொழிச்சலூருக்கே வந்துவிட்டார். சுந்தரராமனைப் பார்த்தார். சுந்தரராமன் அவரைப் பார்த்தார். இருவரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

சோபாவிலிருந்தே பொத்தானை அமுக்க வசதி செய்திருந்தார்கள். வளாகத்தில் ஒரு ஈ காக்கை இல்லை என்று உறுதியான பிறகு சுந்தரராமன் அமுக்கினார். எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். கருடவேல் எழும்பியது, மேகத்துக்குள் போனது, என்னவோ மறந்துவிட்டு வந்தது போலத் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்து, காலியாக இருந்த குளிர்சாதன மேடையின் நட்டநடுவில் விழுந்தது.

ஸ்ரீநிவாசன் சாப்பாட்டு மேசையிலேயே குழுவைக் கூட்டினார். இட்லி வைத்த தட்டுகளை நகர்த்திவிட்டு, மேடைதான் இலக்கு என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். எட்மண்ட் வீடு எதிரியைத் திசைதிருப்ப அறிவிக்கப்பட்ட பொய் இலக்கு என்று இன்னொரு வரி சேர்த்தார்கள். டெல்லி அதிகாரி, மேடையில் தன் பெயர் எழுதிய நாற்காலி இருந்த இடத்தைத் திரையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முழுத் திருப்தி என்று சொன்னார். கைகுலுக்கல்கள் நடந்தன. தெருவாசிகளெல்லாம் கேட்டருகே கூடிவிட்டார்கள்.

அப்போது எட்மண்ட் எழுந்தார். முறையான வழியெல்லாம் போயாகிவிட்டது, இலக்கும் இப்போது தன் வீடு இல்லை, இனிமேலாவது ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கூரையைச் சரிசெய்து தருவீர்களா என்று கேட்டார். அடுத்த வாரம் கெசியா வருகிறாள் என்றார்.

சுந்தரராமன் கனிவாகச் சிரித்தார்.

"மிஸ்டர் எட்மண்ட், யோசிச்சுப் பாருங்க. உங்க வீடு இலக்கே இல்லைன்னு இப்பதான் தீர்மானம் ஆச்சு. இலக்கு இல்லாத இடத்துல எங்க ராக்கெட் விழாது. விழுந்ததா வரலாறே கிடையாது. அப்ப இங்க விழுந்தது எங்க ராக்கெட்டா இருக்க முடியாது."

ஞானஜோதி முன்னால் வந்தார். தரையில் புதைந்து நின்ற அந்த இரும்பைக் காட்டி, அப்படியானால் இது யாருடையது என்று கேட்டார்.

"உங்க வீட்டுக்குள்ள இருக்கிறது உங்களுதுதான் மேடம்."

"கேட்டுக்கு வெளியில இருக்கிறவங்களுக்குக் கேக்கல சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

சுந்தரராமனுக்குப் பேச்சு என்றால் போதும். வாசல் படிக்கே போய் நின்று, அந்தப் பொருளுக்கும் நிறுவனத்துக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று, தெருக்கோடி வரை கேட்கும் குரலில் அறிவித்தார்.

ஞானஜோதி கணவனைப் பம்மலுக்கு அனுப்பினார். விருந்தாளிகள் இரண்டாம் ரவுண்டு காபி முடிப்பதற்குள், பழைய இரும்புக் கடை முனியம்மா இரண்டு ஆட்களோடும் சங்கிலிக் கப்பியோடும் வந்து சேர்ந்தார். ராக்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்னாம்மா இது, வெடிக்குமா?"

"அதுக்கெல்லாம் துப்பு கெடையாது. நீங்க தைரியமா அறுங்க" என்றார் ஞானஜோதி.

சோபாவில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிறுத்து என்று சொல்ல வேண்டுமானால் அது தங்களுடையது என்று சொல்ல வேண்டும். பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்திருந்தார். ஆட்கள் கப்பியைக் கட்டி இழுத்தார்கள். தரை விட்டுக்கொடுத்தது. மூக்குப் பகுதியில், வழிகாட்டும் கருவி இருக்க வேண்டிய இடத்தில், ரம்பத்தை வைத்தார்கள்.

தகடு பிளந்ததும் உள்ளேயிருந்து சரசரவென்று தரையில் கொட்டியது. முனியம்மா குனிந்து விரலால் அள்ளிப் பார்த்தார்.

"அம்மா, உள்ள ஒண்ணும் இல்லம்மா. வெறும் மணல்தான் கீது. எடைக்குப் போட்டு அடைச்சுக்கீறானுங்க."

டெல்லி அதிகாரி மெதுவாகத் திரும்பி, இது என்ன என்று சுந்தரராமனைக் கேட்டார்.

சுந்தரராமன் அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். இளம் வயதில் அதை அடைக்கச் சொன்னவர் அவராகக்கூட இருக்கலாம். கருவி தயாராகும் வரைக்கும் தற்காலிகமாக. "இது வேற யாருதோ சார்" என்றார். "எனக்கு எப்படித் தெரியும்?"

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கிளியை மறந்துவிட்டுப் போன ஸ்ரீநிவாசன், பாதி வழியில் திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனார். காவலர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். எட்மண்ட் முன்னறையில் தனியாக நின்று ஓட்டை வழியே மேகத்தைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. கோபமா நிம்மதியா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞானஜோதி முறத்தால் மணலை ஓரமாகக் கூட்டினார். நல்ல மணல், சலிக்கக்கூட வேண்டாம். மறுநாள் காலையே கொத்தனார் வந்து, அதையே சிமெண்டோடு கலந்து ஓட்டையை அடைத்தார்.

கெசியா வந்து சேர்ந்த அன்று அடைமழை பிடித்தது. அந்த வருஷம் சுந்தரராமனுக்கு மேடையைத் துல்லியமாகத் தாக்கியதற்காக விருது கிடைத்தது. கெசியாவின் குழந்தை அந்த அறையில்தான் தூங்கியது. மழை முடியும் வரை கூரையிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. நிறுவனம் தயாரித்த பொருள்களிலேயே, வைத்த இடத்தில் இருந்து சொன்ன வேலையைச் செய்தது அந்த இரண்டு சட்டி மணல் மட்டும்தான்.